எட்டேகால் பஸ்ஸில் மடி பிடித்த கதை

கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் போய் வருவதும் ஒரு உத்தியோகம்தான். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, மேலதிகாரிகள் மட்டும் பஸ் நிறைய இருப்பார்கள்.

இந்த உத்தியோகத்தில் நான் ஆறு மாசம் சர்வீஸ் போட்டவள். பிறந்தது தாராபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், படித்தது அங்கேயே ஓட்டுக் கட்டிடத்து அரசுப் பள்ளி, கட்டிக்கொடுத்தது கோயமுத்தூரில். வீடு தொண்டாமுத்தூர் ரோட்டில், வடவள்ளிக்கு முன்னாடி. வேலை காந்திபுரத்தில், மோட்டார் பம்பு சாமான் விற்கிற கம்பெனியில் பில் போடுவது. இரண்டுக்கும் நடுவில், லாலி ரோட்டில் இறங்கி இரண்டாவது சந்தில் குழந்தைகள் காப்பகம். நான் வேலைக்குச் சேரும்போது என் மகள் மித்ராவுக்கு எட்டு மாசம். வீட்டில் மித்து. வீட்டுக்காரர் லேத் பட்டறைக்கு ஆறரை மணிக்கே நேர் எதிர்த்திசையில் பைக்கில் போய்விடுவார்.

வேலை கொடுத்தவர்கள் ஆறு மாசம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் பண்ணுவோம் என்றார்கள். அந்த ஆறு மாசத்துக்குள் மூன்று தடவை லேட்டாக வந்தால் வீட்டோடு இருந்துகொள்ளலாம் என்று ஆர்டரிலேயே மரியாதையாக அச்சடித்திருந்தார்கள். ஆபீஸ் ஒன்பதரைக்கு. காப்பகத்து மேடம் ஒன்பதுக்குக் கேட்டைப் பூட்டினால் பத்துக்குத்தான் திறப்பார். ஒரே ஒரு ஆயா, பதினோரு வாய்க்கு ராகிக்கூழ் ஊட்டுகிற நேரம் அது. கேட்டைத் திறந்தால் பதினோரு பேரும் ரோட்டில் இருப்பார்கள். ஆக, எட்டேகால் பஸ்ஸை விட்டால் எனக்கு விடிவு இல்லை. இத்தனை கடிகாரத்துக்கும் நடுவில் மித்துவுக்கென்று தனியாக ஒரு கடிகாரம் உண்டு. அது அவள் வயிற்றுக்குள் ஓடுவது.

இடுப்பில் பிள்ளை, தோளில் பை, பல்லில் பர்ஸ் என்று பஸ் ஏறுகிற என் இனத்தாரே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். சீட்டில் உட்கார்ந்துகொண்டு படிக்கிறவர்கள் இப்போதே கண்ணை மூடிக்கொள்ளலாம். உங்களுக்குத்தான் அது நன்றாக வருமே.

தூங்குகிற மனுசன்

எட்டேகால் பஸ்ஸில் முன்வாசலுக்கு எதிரே 'மகளிர்' என்று பெரிதாக எழுதிய சீட்டு ஒன்று இருக்கிறது. அந்த எழுத்துக்குக் கீழே ஒருவர் உட்கார்ந்திருப்பார். மடிப்புக் கலையாத சட்டை, பாக்கெட்டில் பேனா, நெற்றியில் திருநீறு, மடியில் ஆபீஸ் பை. நான் ஏறுகிற ஸ்டாப் வரும்வரைக்கும் ஜன்னலில் வேடிக்கை பார்த்துக்கொண்டு வருவார். என் இடுப்பில் பிள்ளையைப் பார்த்ததும் அவருக்குத் தூக்கம் வந்துவிடும். அதுவும் எப்படி? படுத்ததும் தூங்குகிற பிள்ளைகள்கூடத் தோற்றுப்போகும். தலை ஒரு பக்கம் சாயும், வாய் லேசாகத் திறக்கும். ஒரு நாள் குறட்டைகூட விட்டார். அன்றைக்கு நான் ரொம்பப் பக்கத்தில் நின்றுவிட்டேன் போல.

முதல் வாரத்திலேயே மித்து அவரைக் கண்டுபிடித்துவிட்டாள். பஸ் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினபோது எட்டி அவர் பாக்கெட் பேனாவைப் பிடித்து இழுத்தாள். பேனாவோடு சட்டையும் வந்தது. சட்டையோடு மனுசனும் வந்தார். ஒரு கண்ணை மட்டும் திறந்து, பேனாவைப் பிடுங்கித் திரும்பச் சொருகிக்கொண்டு, மறுபடி தலையைச் சாய்ப்பதற்கு முன்னால் என்னிடம் சொன்னார்: "ஏனுங்க அம்மணி, பாப்பாவ நல்லாப் புடிச்சுக்கங்க. தூங்கற மனுசன் எந்திரிச்சுக்கப் போறான்."

மூணு உருப்படி

ஊர் மனுசர்களைக் குறையே சொல்லிக்கொண்டிருந்தால் நன்றாக இருக்காது. சீட் கொடுக்க மனசு வராதவர்களுக்கும் மடி கொடுக்க மனசு வரும். அதுதான் எங்கள் பஸ்ஸின் வழக்கம். நிற்கிறவளின் பையை உட்கார்ந்திருக்கிறவள் கேட்காமலே வாங்கிக்கொள்வாள். அடுத்து சாப்பாட்டுக் கூடை போகும். அப்புறம் பிள்ளை. இதில் யாரும் யாருக்கும் சொந்தமில்லை, பாதிப் பேருக்குப் பேர்கூடத் தெரியாது.

எனக்கு வாய்த்த மடி சரசக்காவுடையது. தொண்டாமுத்தூரில் கீரையும் கொத்தமல்லியும் கட்டி, கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு டவுனுக்குப் போகிறவர். புறப்படுகிற இடத்திலேயே ஏறுவதால் ஜன்னலோர சீட் எப்போதும் அவருக்குத்தான். லாலி ரோடு வந்ததும் நான் வெறுங்கையோடு இறங்கி அவர் ஜன்னலுக்கு வெளியே போய் நிற்பேன். முதலில் பை வரும், அடுத்து சாப்பாட்டுக் கூடை, கடைசியாக மித்து. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று நான் எண்ணி வாங்குவேன். மூணு வந்ததும் கண்டக்டர் விசில் கொடுப்பார். இவ்வளவு சுத்தமான ஏற்றுமதி இறக்குமதி எங்கள் கம்பெனிக் குடோனில்கூட நடக்காது.

மித்து அந்த மடியில் சும்மா வரமாட்டாள். ஒவ்வொரு கட்டிலும் ஒரு கொத்தமல்லித் தழையைக் கிள்ளிச் சப்பிப் பார்ப்பாள். எனக்குச் சங்கடமாகப் போய், "யேவாரத்தக் கெடுக்கறாளேக்கா" என்றேன். சரசக்கா மித்துவின் வாயைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "கெடுக்கறாளா? கட்டு ஏன் கலஞ்சிருக்குதுன்னு நேத்து ஒரம்மா கேட்டாங்க. ஆப்பீசர் வந்து செக் பண்ணிட்டுப் போனாங்கன்னு சொல்லி ரெண்டு கட்டாத் தள்ளிப்போட்டேன் கண்ணு!"

விசாரணைக் கமிஷன்

பிள்ளையோடு பஸ் ஏறினால் ஒரு கேள்வி நிச்சயம்: "ஊட்டுல பாத்துக்க ஆள் இல்லீங்களா?" முதல் மாசம் உண்மையைச் சொன்னேன். மாமியார் தன் மகள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் திருப்பூரில் இருக்கிறார் என்று. அதைக் கேட்டதும் பஸ்ஸில் பாதிப் பேர் என் மாமியாரைத் திட்டினார்கள், மீதிப் பேர் நான்தான் அனுசரித்துப் போயிருக்க மாட்டேன் என்று தீர்ப்புச் சொன்னார்கள். இரண்டாவது மாசத்திலிருந்து "இல்லீங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டேன். அதற்கும் "ச்சோ" என்று பரிதாபப்பட்டு, ஸ்வெட்டர் போடவில்லை, குல்லா போடவில்லை, திருஷ்டிப் பொட்டு சின்னதாக இருக்கிறது என்று மூன்று குற்றச்சாட்டு பதிவாகும்.

ஒரு நாள் பட்டுச்சேலை கட்டிய ஒரு அம்மா விசாரணையைக் கையில் எடுத்தார். "பச்சப் புள்ளைய இப்படி காலங்காத்தால கொண்டுபோயி யார்கிட்டயோ உடும்படி வெக்கறதுக்கு உங்க மாமியாருக்கு எப்படி மனசு வந்துச்சு? இந்தக் காலத்து மாமியாருங்களுக்கு ஈவு எரக்கமே இல்லீங்க" என்று வடவள்ளியிலிருந்து ஆரம்பித்தார். எனக்கே அழுகை வரும்போல் இருந்தது. மனசு குளிர்ந்துபோய், "உங்க பேரப்பசங்கெல்லாம் உங்ககூடத்தான் இருக்கறாங்களாங்க?" என்று கேட்டேன். அந்த அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "எனக்கு மூட்டு வலி கண்ணு, பேரன் காப்பகத்துக்குப் போறான்."

பாப்பா ஏறிருச்சு

ஒரு நாள் எட்டேகால் பஸ் வரவேயில்லை. எட்டு இருபத்தஞ்சுக்கு ஒரு தனியார் பஸ் வந்தது. தனியார் பஸ் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அது நிற்காது, நிற்பது மாதிரி யோசிக்கும். அந்த யோசனைக்குள் ஏறியவர் ஏறலாம். உள்ளே பாட்டுச் சத்தத்தில் ஜன்னல் கம்பி அதிரும். பின்னால் வருகிற இன்னொரு பஸ்ஸை முந்தவிடாமல் போவதுதான் அதன் லட்சியம். ஆளை ஏற்றுவது உபதொழில்.

நான் ஓடிப்போய் படியில் கால் வைப்பதற்குள் கண்டக்டர் தம்பி தொங்கியபடியே கையை நீட்டி, "மொதல்ல பாப்பாவக் குடுங்கக்கா!" என்றான். யோசிக்க நேரமில்லை, கொடுத்துவிட்டேன். கொடுத்த கையோடு பஸ் நகர்ந்தது. செருப்பு ஒன்று ரோட்டில், நான் பாதி படியில், கம்பியைப் பிடித்துத் தொங்கி ஒரு வழியாக உள்ளே விழுந்தேன். மித்து பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டு அவன் தோளில் ராஜாத்தி மாதிரி உட்கார்ந்திருந்தாள். நான் விழுவதற்கு ஒரு நொடி முன்னால் அவன் டிரைவரைப் பார்த்துக் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது: "பாப்பா ஏறிருச்சு, ரைட் ரைட்! அம்மா வேண்ணா அடுத்த வண்டில வரட்டும்!"

யானை சாட்சி

முதல் லேட்டுக்குக் காரணம் யானை. இதை வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். எங்கள் பக்கத்தில் இது சாதாரணம். மலையிலிருந்து இறங்கி ராத்திரி பூரா யார் தோட்டத்திலோ வாழையைத் தின்றுவிட்டு, காலையில் திரும்பிப் போகிறபோது ரோட்டின் நடுவில் நின்று கொஞ்சம் யோசித்திருக்கிறது. யானை யோசித்தால் பஸ் என்ன செய்யும்? எட்டேகால் பஸ் எனக்கு எட்டு ஐம்பதுக்கு வந்தது. காப்பகத்துக்குப் போனால் மணி ஒன்பது இருபது, கேட் பூட்டியாகிவிட்டது. "கேட்டுக்கு மேலயாவது வாங்கிக்கங்க மேடம்" என்று மித்துவைத் தூக்கிக் காட்டினேன். "இது என்ன கொரியர் ஆபீசா?" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. பத்து மணிவரைக்கும் வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன்.

ஆபீசில் மேனேஜர் சார் மதுரைக்காரர். "யானையா? ஏம்மா, காய்ச்சல், தலைவலின்னு நம்புற மாதிரி ஏதாவது சொல்லக்கூடாதா?" என்றார். நான் விடுவேனா? பஸ் ஜன்னலிலிருந்து சரசக்கா எடுத்து எனக்கு அனுப்பியிருந்த போட்டோவைக் காட்டினேன். ரோடு, ரோட்டில் யானை, இந்தப் பக்கம் எங்கள் பஸ்ஸின் மூக்கு, எல்லாம் தெளிவாக இருந்தது. சார் கண்ணாடியைப் போட்டு, படத்தைப் பெரிதாக்கி, யானையின் வால்வரைக்கும் பார்த்தார். அப்புறம் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு லேட் மார்க்கைப் போட்டார்: "யானை வந்தது சரிம்மா, எத்தனை மணிக்குப் போச்சுன்னு இதுல இல்லையே."

அன்றைக்கு மூன்று சீட்

இரண்டாவது லேட்டுக்குக் காரணம் மித்துவின் வயிற்றுக் கடிகாரம். வடவள்ளி தாண்டியதும் அடித்தது. டயப்பர் கம்பெனிக்காரன் டப்பாவில் எழுதியிருந்த பன்னிரண்டு மணி நேரமெல்லாம் பன்னிரண்டு நொடியில் முடிந்து, என் சேலையில் பாதி, கம்பியில் கொஞ்சம் என்று பரவியது. அடுத்து நடந்ததுதான் அதிசயம். ஐந்து மாசமாக ஒரு ஓரம்கூட நகராத எங்கள் பஸ், அந்தக் கணத்தில் எனக்காக மூன்று முழு சீட்டைக் காலிசெய்து கொடுத்தது. பொண்டு பொடிசுகள், காலேஜ் பிள்ளைகள், நிற்கவே முடியாது என்று சொன்ன கால்வலிக்காரர்கள் எல்லாரும் எழுந்து பின்னால் போய்விட்டார்கள். நம்ம தூங்குகிற மனுசன்? அவர் கடைசி சீட்டில் இருந்தார். எப்போது விழித்தார், எப்போது போனார், யாரும் பார்க்கவில்லை. சரசக்கா மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து, கொத்தமல்லிக்குத் தெளிக்க வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அது போதவில்லை. நடுவிலேயே இறங்கி, ஒரு டீக்கடைக் குழாயில் பிள்ளையையும் சேலையையும் அலசி, அடுத்த பஸ் பிடித்துப் போனால் கேட் பூட்டியிருந்தது. இரண்டாவது மார்க் விழுந்தது. மறுநாள் காலையில் நான் ஏறியதும் தூங்குகிற மனுசன் அதிசயமாகத் தூங்கவில்லை. என்னைக் கிட்டே கூப்பிட்டு, மெதுவான குரலில், ரொம்ப அக்கறையாகக் கேட்டார்: "பாப்பாவுக்கு இன்னைக்கு வயிறு எப்படிங்க? முன்னாடியே சொல்லிப்போட்டீங்கன்னா நான் பொறகால போயி உக்காந்துக்குவேன்."

ரோஜாப்பூ

கம்பெனியில் மகளிர் தினம் கொண்டாடினார்கள். எல்லாப் பெண்களுக்கும் ஒரு ரோஜா, ஒரு கேக், அப்புறம் முதலாளி பேச்சு. ஒன்பதரைக்கு மேல் வியாபாரம் கெடும் என்று விழாவை எட்டரைக்கு வைத்துவிட்டார்கள். எட்டரைக்கு நான் வீட்டிலும் இல்லை, காந்திபுரத்திலும் இல்லை. பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தேன். வழக்கம்போல ஒன்பது இருபத்தெட்டுக்கு வியர்க்க வியர்க்க உள்ளே போனபோது, மேஜைமேல் கேக் பெட்டி காலி, ரோஜாக் காம்பு ஒன்று கிடந்தது. பக்கத்து சீட் கலா கையில் பூவோடு ஓடிவந்து சொன்னாள்: "அக்கா, கைக்கொழந்தைய வெச்சுட்டு வேலைக்கு வர்ற தாய்மாருங்களப் பத்தி மொதலாளி அரை மணி நேரம் பேசுனாருங்கக்கா, நீங்கதான் இல்லாமப் போயிட்டீங்க!"

ஒரே ஒரு நாள் அவர் போனார்

எனக்குக் காய்ச்சல். அன்றைக்கு வீட்டுக்காரர் பட்டறைப் பக்கம் மாசாந்திர கரண்ட் கட். பைக்கில் பிள்ளையைத் தனியாகக் கொண்டுபோக முடியாது என்பதால், மித்துவை விட்டுவிட்டு வருகிறேன் என்று அவரே எட்டேகால் பஸ்ஸுக்குப் போனார். எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். காய்ச்சலோடு படுத்துக்கொண்டு, இந்நேரம் கம்பியில் தொங்குவார், இந்நேரம் கமிஷன் விசாரிக்கும், இந்நேரம் பேனாவை இழுத்திருப்பாள் என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். திரும்பி வந்தால் இனி காலம் பூரா என் பேச்சுக்கு மரியாதை இருக்கும் என்று நம்பினேன்.

பத்து மணிக்கு மனுசன் இஸ்திரி கலையாத சட்டையோடு வந்தார். ஏறினதும் நாலு பேர் எழுந்தார்களாம். ஒரு அம்மா "ஆம்பள தனியா என்ன பண்ணுவாரு, பாவம்" என்று பிள்ளையை வாங்கி வைத்துக்கொண்டாராம். இன்னொருவர் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாராம். முன்வாசல் பக்கத்தில் பாக்கெட்டில் பேனா வைத்த ஒரு நல்ல மனுசன், "ஒக்காருங்க மாப்ள" என்று தன் சீட்டையே கொடுத்துவிட்டு நின்றுகொண்டு வந்தாராம். இதையெல்லாம் சொல்லிவிட்டு, என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தபடியே கேட்டார்: "இதுக்கா அம்மணி தெனம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கற? பஸ்ல போறது சொகமாத்தான இருக்குது?"

மூணு வந்தாச்சு

ஆறாவது மாசத்தின் கடைசி நாள். இரண்டு மார்க் கையில் இருக்கிறது. இன்னும் ஒன்று விழுந்தால் வேலை இல்லை. அன்றைக்கு மட்டும் தப்பித்தால் நிரந்தரம். வைகாசி முகூர்த்த நாள் வேறு. பஸ்ஸில் ஒரு கல்யாணமே ஏறியிருந்தது. காலடியில் இடம் இல்லாததால் சரசக்காவின் கூடை அவர் மடிக்கு வந்துவிட்டது. என் பையையும் சாப்பாட்டுக் கூடையையும் எப்படியோ அதன்மேல் வைத்துக்கொண்டவருக்கு, மித்துவை வைக்க இடம் இல்லை. மித்து எல்லார் தலைக்கும் மேலேயே கை மாறி மாறிப் போனாள். கடைசியில் யாரோ ஒரு கல்யாணத்து அம்மா, தூங்குகிற மனுசன் கண்ணை மூடுவதற்குள் அவர் மடியில் தொப்பென்று வைத்துவிட்டார். பத்தே நிமிஷத்தில் மித்து தூங்கிவிட்டாள். அவரும் தூங்கிவிட்டார். இந்தத் தடவை நிஜமாக.

லாலி ரோட்டில் எட்டு ஐம்பதுக்கு இறங்கினேன். இறங்கினேன் என்ன, பிதுக்கித் தள்ளினார்கள். பழக்கதோஷத்தில் சரசக்கா ஜன்னலுக்கு ஓடினேன். பை வந்தது, ஒண்ணு. சாப்பாட்டுக் கூடை வந்தது, ரெண்டு. முந்தின நாள் நான் கேட்டு வைத்திருந்த கருவேப்பிலைக் கட்டை, ஈரத்துணியில் சுற்றி, "இந்தா கண்ணு" என்று கொடுத்தார். மூணு. கண்டக்டரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார் போல. மூணு என்றதும் விசில். நான் ஈரத்துணியை மார்போடு அணைத்துக்கொண்டு வேகமாக நடந்தேன். முதல் சந்து தாண்டினேன். இன்றைக்கு மூச்சே வாங்கவில்லையே, உடம்பு இரும்பாகிவிட்டதே, பரவாயில்லையே என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். இரண்டாவது சந்து முனையில், கருவேப்பிலை வாசம் மூக்கில் ஏறிய பிறகுதான் மார்பில் இருப்பது என்னவென்று பார்த்தேன்.

அப்புறம் நான் ஓடியது எனக்கு ஞாபகம் இல்லை. சாப்பாட்டுக் கூடையை எங்கே போட்டேன் என்று இன்றுவரைக்கும் தெரியாது. கத்தினால் காற்றுதான் வந்தது. ஸ்டாப்பை அடுத்த சிக்னலில் சிவப்புக்கு நின்ற பஸ்ஸுக்குள் அதற்குள் மித்து விழித்துக் கத்த, தூங்குகிற மனுசன் துள்ளி எழுந்து, "யாருதுங்க இந்தக் கொழந்தை? யாருதுங்க?" என்று ஏலம் விட்டுக்கொண்டிருந்தார். சரசக்கா இறங்கி வந்து பிள்ளையை என் கையில் வைத்தார். மித்து என் கன்னத்து ஈரத்தைத் தொட்டு வாயில் வைத்துப் பார்த்தாள், கொத்தமல்லியைப் பார்ப்பதுபோல. பஸ் பூரா ஒரே குரலில், பெத்தவளா நீ என்று ஆரம்பித்தது. கண்டக்டர் மட்டும் வெளுத்துப்போய், கீழே குதித்து என் பக்கத்தில் வந்தார்.

"அம்மணி, கம்ப்ளைன்ட் கிம்ப்ளைன்ட் எழுதிப்போடாதீங்க. ஓடிப்போயி பாப்பாவ உட்டுப்போட்டு வாங்க. ஓரங்கட்டி நிக்கறோம். உங்க ஆபீஸ்கிட்டயே எறக்கி உடறோம்" என்றார். கம்ப்ளைன்ட் எழுதுகிற நிலைமையில் நானா இருந்தேன்? தப்பு என்னுடையது. ஆனால் அதை அவரிடம் சொல்லாமல் இருக்கிற அளவுக்கு எனக்கு அதற்குள் புத்தி திரும்பிவிட்டது. ஓடினேன். எட்டு ஐம்பத்தொன்பதுக்கு மேடம் பூட்டும் கையுமாக நின்றார். மித்துவைக் கொடுத்துவிட்டுத் திரும்பி ஓடிவந்தால், பஸ் நிஜமாகவே நின்றுகொண்டிருந்தது. முகூர்த்தத்துக்கு நேரமாச்சு என்று கல்யாணக் கூட்டம் கூச்சல் போட, டிரைவர் ஆறு டயரையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பஸ்ஸே எனக்காக நின்றது. ஏறினேன். யாராவது நகருவார்களா என்று சுற்றிப் பார்த்தேன். மகளிர் சீட்டுக்கு முன்னால் போய் நின்றதும், தூங்குகிற மனுசன் தலையைச் சாய்த்தபடியே சொன்னார்: "கைல கொழந்தையே இல்லீங்களே அம்மணி, அப்புறம் எதுக்குங்க சீட்டு?"

ஒன்பது பதினேழு

அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் அதே பஸ்ஸில் போனதால், ஆறு மாசத்தில் முதல் தடவையாக ஒன்பது பதினேழுக்கு ஆபீசில் இருந்தேன். ஒரு செருப்பு அறுந்து, முந்தானையில் கருவேப்பிலை ஒட்டி, கண் வீங்கி நின்ற என்னை மேனேஜர் சார் ஏற இறங்கப் பார்த்தார். என்ன ஆச்சு என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்டால் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், ரிஜிஸ்டரைப் பார்த்தார், மேஜைக்குள்ளிருந்து கையெழுத்துப் போட்ட ஆர்டரை எடுத்து நீட்டினார். முகத்தில் அப்படியொரு நிறைவு: "பாத்தியாம்மா, மனசு வச்சா எவ்வளவு சீக்கிரம் வர முடியுது!"

இப்போது வேலை நிரந்தரமாகிவிட்டது, மித்து நடக்கப் பழகிவிட்டாள், ஜன்னலில் நானும் உருப்படியை எண்ணாமல் பிள்ளையின் முகத்தைப் பார்த்தே வாங்குகிறேன், ஆனால் எட்டேகால் பஸ்ஸில் எனக்கொரு சீட்டு மட்டும் இன்றுவரைக்கும் தற்காலிகமாகக்கூடக் கிடைத்தபாடில்லை.